வேறு யாரோ வைத்த நடு

முன்பு இருந்தவர்கள் பல்புகளையும்
கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
இந்த நாட்டில் அது களவில்லை, வழக்கம்.
குசினி முகட்டின் நடுவில்
மூன்று கம்பிகள் மட்டும்
இறால் மீசை மாதிரி
வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

வுப்பர்ட்டாலில் ரயிலே தொங்கித்தான் ஓடுகிறது,
ஆற்றுக்கு மேலே, கால் நிலத்தில் படாமல்.
விடிய ஐந்தரைக்கு அதில் தொங்கி வேலைக்குப் போய்
பின்னேரம் தொங்கி வருகிற எனக்கு
மூன்று விளக்குத் தொங்கவிடுவது
பெரிய காரியமா என்றேன்.
வாகீசன் சொன்னான்:
"கரண்ட் உன்ர வாய்க்குப் பயப்பிடாது."

சனிக்கிழமை மத்தியானத்துக்குள்
துளையெல்லாம் போட்டு முடித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை துளை போட்டால்
கீழ்வீட்டு ஃபிராவ் ஹோல்ட்காம்ப்
தும்புத்தடியால் தன் முகட்டில் இடிப்பாள்.
அவளுடைய முகடு எங்கள் தரை.
கம்பி முடுக்குவதற்கு ஞாயிறு நல்ல நாள்.
சத்தம் இல்லை.

சிவப்பு அடிக்கும், கறுப்பு சும்மா.
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது அது,
வாய்பாடு போல.
டெஸ்டரைச் சிவப்பில் வைத்தேன்.
எரியவில்லை.
சாம்பல் நிறத்தில் வைத்தேன். அதுவும் இல்லை.
போகிற போக்கில்
கறுப்பில் வைத்தேன்.

பிடிக்குள்ளே ஒரு செம்மஞ்சள் புழு
விழித்துக்கொண்டது.

கதிரையில் நின்ற காலிரண்டும் குளிர்ந்தன.
நான் முதலில் வெறுங்கையால்
ஒதுக்கிவிட நினைத்திருந்தது கறுப்பைத்தான்.

மாவு காயாத விரலால் போனைத் தள்ளித் தள்ளி
வாகீசன் வாசித்தான்:
அறுபத்தைந்துக்கு முன் கம்பி இழுத்த வீடுகளில்
இங்கே சிவப்புத்தான் எர்த்தாம்.
இத்தனை வருஷமாக நான் பயந்தது
காவல்காரனுக்கு.

மெயினை இறக்கினேன்.
பிரிட்ஜ் ஒரு பெருமூச்சோடு அடங்கியது.
கறுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன்,
கடன் வாங்கிய ஆளிடம்
திரும்பத் திரும்பக் கேட்பதுபோல.

புது விளக்கின் கம்பிகளுக்கு வேறு நிறங்கள்.
மண்ணிறம் என்று பெயர் வைத்தும்
அது மண்ணுக்குப் போவதில்லை.
கறுப்போடு மண்ணிறம்,
சாம்பலோடு நீலம்,
சிவப்போடு பச்சையும் மஞ்சளும் வரிபோட்டது.
எந்தச் சாத்திரியாரும் பொருந்தாது என்றிருப்பார்.
நான் ஆணியை முடுக்கி
ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை. நல்லது.

இன்னொரு சிக்கல் இருந்தது.
கரண்ட் வருகிற இடம் முகட்டின் நடு.
நாங்கள் சாப்பிடுகிற இடம் யன்னலோரம்.
செத்துப்போன யாரோ ஒரு மேசன்
இந்த வீட்டுக்காரர்கள் இங்கேதான் இருப்பார்கள் என்று
பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறான்.
அந்த இடத்தில் இப்போது எங்கள் பிரிட்ஜின் கதவு திறக்கிறது.
அதனால் கொளுக்கி போட்டு, வயரை வளையவிட்டு,
கொடிக்கயிறு கட்டுவதுபோல
வெளிச்சத்தை யன்னலடிக்கு இழுத்து வந்தேன்.

மெயினை ஏற்றினோம்.
முதல் விளக்கு என் தட்டுக்கு.
அடுத்தது அவன் தட்டுக்கு.
மூன்றாவதின் கீழே வெங்காயக் கூடை.
"இரண்டு பேருக்கு ஏன் மூன்று?" என்றான்.
கடையில் மூன்றாய்த்தான் விற்றார்கள் என்றேன்.
அவன் அதற்குமேல் கேட்கவில்லை.
கூடையை மட்டும் கொஞ்சம்
வெளிச்சத்துக்கு நேரே நகர்த்தினான்.

பழைய இணைப்புக் கட்டையைத்
தேயிலைப் பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.
வீடு விடுகிற நாளில்
முகடு இருந்தபடி இருக்கவேண்டும் என்று
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம் சொல்கிறது.
மீசையைத் திருப்பிக் கொடுப்போம்.

திங்கள் விடிய நான் ரயிலில் இருக்கும்போது
பேக்கரியால் வந்தவன்
விளக்கில் நெற்றியை இடித்திருக்கிறான்.
பின்னேரம் மேசையில் ஒரு துண்டு, மாவுக் கைரேகையோடு:
நாலு விரல் உயர்த்து.

யாருடைய விரல் என்று எழுதவில்லை.
என் விரலால்
நாலு உயர்த்தினேன்.