மூன்றில் ஒன்று

ஹூசாவிக் துறைக்கு வடக்கே, அலை கொஞ்சம் அடங்கிய காலை.
இழுவைக் கூடை கொட்டிய கருஞ்சிப்பிகள் பலகையில்.
இந்தக் கூட்டத்துக்குச் சராசரி வயதென்ன?
கேட்பது சுலபம்.

ஓட்டை அறுக்க வேண்டும்,
பிசினில் பதித்து, தேய்த்து, மெருகேற்றி
நுண்ணோக்கியில் வரிவரியாய் எண்ண வேண்டும்.
ஒரு சிப்பிக்கு இரண்டு நாள்.
அதற்கு முன் ஒரு சாவு.
கையிலிருக்கும் பணம் ஒன்பதுக்குத்தான் வரும்.

ஒரு சோறு எடுத்துப் பதம் பார்ப்பதெல்லாம்
கிளறிவிட்ட பானைக்கு.
கடலை யார் கிளறினார்கள்?

படகோட்டி ஸ்டெய்ன்தோருக்கு எண்களோடு சிநேகமில்லை.
மும்மூன்றாய் அவர் முன் வைத்தேன்.
எது இளசு, எது நடு, எது கிழடு?
கையுறையைக் கழற்றினார்,
உள்ளங்கையில் உருட்டினார், கனம் பார்த்தார்,
ஒன்றை மட்டும் காதருகே கொண்டுபோனார்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
அந்தப் பார்வைக்குக் கூலி
ஒரு குவளைக் காப்பி, சர்க்கரையில்லாமல்.

முதல் மூன்றில் இளையதை எடுத்துக்கொண்டேன்.
அடுத்த மூன்றில் நடுவிலதை.
அதற்கடுத்ததில் மூத்ததை.
பிறகு மறுபடி முதலிலிருந்து.
மிச்சமெல்லாம் தண்ணீருக்கு.
இருபத்தேழு வந்தன, பதினெட்டு போயின.
போனவை சும்மா போகவில்லை:
பக்கத்தில் கிடந்து
"இவன் என்னைவிடச் சின்னவன்" என்று
சாட்சி சொல்லிவிட்டுத்தான் போயின.

மார்ச்சில், ஆய்வகத்தில், வரி எண்ணினேன்.
ஸ்டெய்ன்தோர் இளசு என்ற ஒன்று
நூற்று எழுபத்து மூன்று.
கிழடு என்றது அறுபத்தெட்டு.
தொலைபேசியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அப்போ என்னால எல்லாம் கெட்டுப்போச்சா?"

இல்லை, ஸ்டெய்ன்தோர்.
கண் தப்பினால் விடையைச் சுற்றிய வேலி
சற்று அகலும்,
ஒரு பக்கமாய்ச் சாயாது.
நீங்கள் முழுக்கத் தப்பாய்ச் சொல்லியிருந்தாலும்
கண்ணை மூடி ஒன்பது எடுத்தவனைவிட
நமக்குக் குறைவாய்த் தெரிந்திருக்காது.
பெரும்பாலும் சரியாகவே சொன்னீர்கள்.

அவர் அதைக் கேட்டதாய்த் தெரியவில்லை.
"அந்த நூத்தி எழுபத்து மூணு...
விளிம்புல வெள்ளைத் தழும்பு இருந்துதா?"
இருந்தது.
"காதுல வெச்சுப் பார்த்தது அதைத்தான்.
என்னமோ சந்தேகம்."

அறிக்கை அனுப்பியாயிற்று.
பலகையிலிருந்து வந்த ஈரத்தாள் இன்னும் மேசையில்:
இளசு, நடு, கிழடு என்று மூன்று பத்திகள்.
நான்காவதாக ஒரு கோடு இழுத்தேன்.
மேலே, பென்சிலில்: சந்தேகம்.
ஜூனில் மறுபடி கடலுக்குப் போகிறோம்.