ஓசையில்லாத எழுத்து

எங்கள் ஊருக்கு இரண்டு பெயர்.
ரயில் நிலையப் பலகையிலேயே இருக்கிறது:
பீல் என்பார் ஜெர்மன்காரர், பியென் என்பார் பிரெஞ்சுக்காரர்.
தியேட்டர் திரையிலும் அதே பங்கீடு.
யார் எந்தப் பாஷையில் அழுதாலும்
அடியில் மேல்வரி ஜெர்மன், கீழ்வரி பிரெஞ்சு.

நான் படம் பார்ப்பவள் அல்ல.
படம் முடிந்த இடத்தைப் பார்ப்பவள்.
சிந்திய பொப்கோர்ன், ஒற்றைக் கையுறை,
ஒருமுறை இருக்கை மடிப்பில் ஒரு பல்செட்.
பையோடு கதவைத் திறந்தால்
எப்போதும் முடிவுதான் ஓடிக்கொண்டிருக்கும்.
ஒன்பது வருடங்களில் எத்தனையோ கொலைகாரரை
பிடிபடும் கோலத்தில் மட்டுமே எனக்குத் தெரியும்.
அவர்கள் யாரைக் கொன்றார்கள் என்பதுதான்
எனக்கு மர்மம்.

தவபாலனுக்கு அப்படியில்லை.
என் இலவச அட்டையில் புதன்கிழமைதோறும் வந்து
ஏழாம் வரிசை ஓரத்தில் இருப்பார்.
வீடு போகும் பஸ்ஸில் தவறாமல் சொல்வார்:
"எனக்கு அப்பவே தெரியும்."
எப்போது என்று நானும் கேட்டதில்லை.
ஏஷ்லிமான் அம்மையார் ஒரே படத்துக்கு
நான்கு தரம் வந்து
நான்கு தரமும் அதே இடத்தில் ஐயோவென்று வாயைப் பொத்தினார்.
ஆச்சரியம் தாங்காமல் கேட்டேன்.
"நடுவில் தூங்கிவிடுகிறேன், பிள்ளை" என்றார்.

அன்றைக்கு ஒரு பின்லாந்துப் படம்.
பாதியில் யாரோ கோலாவைக் கொட்டிவிட
துடைப்பானோடு குனிந்து போனேன்.
திரையில் ஒரு கடிதம்.
கடலில் காணாமற்போன தம்பி எழுதுவதாக
அக்காவும் நம்புகிறாள், அரங்கமும் நம்புகிறது.
'நான் திரும்பி வந்துவிட்டேன்.'
ஜெர்மன் வரியில் ஒன்றும் பிடிபடவில்லை.
கீழே, பிரெஞ்சில்,
அந்தச் சொல்லின் வாலில் ஓர் எழுத்துக் கூட இருந்தது.

வாய்க்கு வராத, காதில் விழாத எழுத்து.
எழுதுகிற கை பெண்ணுடையது என்று
சொல்வதற்கு மட்டும் அங்கே நிற்கும்.
பாஷை வகுப்பில் என் முதல் வாக்கியம்
'நான் வந்து சேர்ந்தேன்.'
அதை விட்டுவிட்டு எழுதியிருந்தேன்.
மதாம் வுய்யமியே சிவப்பு மையால் செருகினார்:
"இது இல்லாவிட்டால் நீ ஆம்பிளை."
தமிழில் 'வந்தேன்' என்று எழுதிவிட்டு
யாரும் ஒளிந்திருக்கலாம்.
'வந்தாள்' என்றால்தான்
கடைசி எழுத்தில் அகப்படுவாள்.

இந்தச் சனத்தில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?
பொறுக்க முடியவில்லை எனக்கு.
கடைசிக் காட்சிக்கு முந்தியே போய்
கதவோரம் நின்றேன்.
படகிலிருந்து இறங்கியது தம்பி அல்ல.
பதினெட்டு வருடம் முன் புதைத்த தாய்.
பெட்டிக்குள் கல்லை வைத்திருக்கிறார்கள்.
மூச்சிழுத்த சத்தம் வரிசை வரிசையாய் எழுந்தது.
தெரிந்தவர்கள் அந்நேரம் திரையைப் பார்ப்பதில்லை,
பக்கத்து முகத்தைப் பார்ப்பார்கள்.
அப்படி ஐந்தாறு பேரை எண்ணினேன்.
அதில் ஒருவர் ஏழாம் வரிசை ஓரத்தில்,
என் பக்கம் திரும்பி.

பஸ்ஸில் முதல்முறையாகக் கேட்டேன்.
"எப்ப தெரியும்?"
"நீ வந்தவுடனை.
பேர் ஓடேக்கைதானே வாறனீ.
இண்டைக்கு ஆறு நிமிசம் முந்தி
பையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ.
ஏதோ இருக்கெண்டு விளங்கிச்சு.
பிறகென்ன, செத்த ஆக்களிலை
மிச்சம் ஒராள்தானே."

அடுத்த புதன்
ஆடு மேய்க்கும் இரண்டு சகோதரர்களைப் பற்றிய படம்.
மழை பெய்யும், ஆடு குட்டி போடும், அவ்வளவுதான்.
முடிய ஆறு நிமிடம் இருக்க
பையோடு போய் நின்றேன்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன.
விளக்கு வந்தது.
சனம் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டது.
நான் ஆறாம் வரிசை வரை கூட்டிவிட்டேன்.
அவர் இன்னும் எழும்பவில்லை,
வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு.