சுற்றுலாப் பயணி

பாரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்னை.
வீரபாண்டியன்பட்டணத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி
விடியுமுன் திருநெல்வேலி மார்க்கெட்டில் இறக்கும்
சின்ன யானையின் ஓட்டுநர்
ராஸ் அல் கைமாவில் சுற்றுலாப் பயணி,
நாற்பத்தைந்து நாளைக்கு.

வாடகைக் கார் மேசையில் ஷமீல்
பாஸ்போர்ட்டைப் பார்த்தான், விசாவைப் பார்த்தான்,
பாளையங்கோட்டைப் போலீஸ் அத்தனை பேருக்கும்
மனப்பாடமான என் லைசென்ஸைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது மட்டும் போதாது சேச்சி."

எடுத்து வைத்தேன்,
ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று நாள் அலைந்து வாங்கிய
சாம்பல் அட்டைப் புத்தகத்தை.
பாதிக் காதில் முத்திரை விழுந்த போட்டோ.
எனக்குத் தெரியாத பாஷைகளிலெல்லாம்
எனக்கு ஓட்டத் தெரியும் என்று எழுதியிருக்கிறது.
அரபிப் பக்கத்தில் விரலை நிறுத்தினான்.
ஒரு வருஷம் செல்லும். சரி.
"சாரும் ஓட்டுவாரா? பேர் சேர்க்கணும்."

சார் ஏசியைப் பார்த்தார்.

பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர்.
மிக்கேல்ராஜ், சாரம் கட்டும் கம்பெனி, மேற்பார்வை.
இங்கேயே இருக்கிறவருக்கு
இங்கத்திய லைசென்ஸ்தான் வேண்டுமாம்,
புத்தகம் விருந்தாளிக்கு மட்டும்.
ஐந்து தடவை ரோடு டெஸ்ட். ஐந்தும் ஃபெயில்.
ஒருமுறை ரவுண்டானாவில் தயங்கியதற்கு,
ஒருமுறை தயங்காததற்கு.
மற்ற மூன்றுக்கும் காரணம் சொல்லவில்லை.
என்னிடம் போனில் இதில் ஒன்றுகூடச் சொன்னதில்லை.
"பாஸாயிட்டுச் சொல்லலாம்னு…"
என்றார், சீட் பெல்ட்டைப் பார்த்து.

ஸ்டீயரிங் இடப்பக்கம்.
இண்டிகேட்டர் என்று தட்டினால்
வைப்பர் எழுந்து கும்பிடுகிறது
ஒரு துளி மேகமில்லாத வானத்தை.
முதலில் அவர்தான் சிரித்தார்.

மலைச்சாலையில்
வளைவுக்கு வளைவு அவர் கால்
அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.
இந்த மலையைக் கம்பெனி பஸ்ஸின்
பக்க ஜன்னலில்தான் பார்த்திருக்கிறாராம்.
முன்கண்ணாடியில் இவ்வளவு பெரிசா இருக்கும்னு
தெரியாதாம்.

உச்சியில், பேப்பர் கப் பறக்கிற காற்றில்,
கரக் டீ ஆறுவதற்குள் சொன்னார்:
ஃபேமிலி விசாவுக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டது.
நீ சரி என்றால் அடுத்த மாதமே.

சந்தோஷம்தான். அழுதேன்கூட, கொஞ்சம்.
ஆனால் கை என்னவோ
மடியிலிருந்த சாவியை இறுக்கிக்கொண்டது.
விருந்தாளியாக இருக்கிறவரை ஓட்டலாம்.
வீட்டுக்காரி ஆகிவிட்டால்
சாவியைக் கீழே வைக்க வேண்டும்,
அவரோடு வரிசையில் நிற்க வேண்டும்,
ஏழு வருஷம் மீன் ஓட்டியவள்
எல் போர்டிலிருந்து.

வண்டியை ஆறு மணிக்குள் விட்டாக வேண்டும்.
இறங்கும்போது கேட்டேன்,
"ரவுண்டானால எப்பத் தயங்கணும், எப்பத் தயங்கக் கூடாது?"
"அதாம் தெரியலையே பிரகாசி."

ஊருக்குள் நுழையும் முதல் ரவுண்டானா.
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
வைப்பர் எழுந்து கும்பிட்டது.