செக்குபந்தி

குன்னூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில்
ஆவண எழுத்தர் போஜன்
குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
தட்டச்சு செய்கிறார்:

"மேபல் சகாயம் ஆகிய நான்
நல்ல மனநிலையிலும் முழு நினைவிலும்
யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி..."

நேற்று விடியலில் கோவையில் இறங்கியவள்.
இரண்டு இரவாகத் தூக்கமில்லை.
பர்லியாறு தாண்டியதும் வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்தேன்.
முழு நினைவு என்று அவர் அடித்தால்
முழு நினைவுதான்.

நிரந்தர முகவரி கேட்டார்.
மஸ்கட்டில் இருபத்தாறு வருடம்;
இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பித்த அட்டை.
இங்கே, வருடத்துக்கு இருபத்திரண்டு நாள்.
"இங்கத்ததையே போட்டுடலாம்மா.
தபால்காரருக்கு உங்களைத் தெரியும்ல?"
மதினியைத் தெரியும்.

அங்கே வங்கியில் கிடப்பதைச் சொன்னேன்.
"அது இதுல வராது. அங்கத்த பணத்துக்கு அங்கத்த சட்டம்."
ஆக இது பாதி உயில்.
மீதிப் பாதியை
கடலுக்கு அந்தப்பக்கம் யாரோ
வலமிருந்து இடமாக எழுத வேண்டும்.

செக்குபந்தி சொல்லுங்க, என்றார்.
வடக்கே லாரன்ஸ் வீட்டுச் சுவர்.
தெற்கே நகராட்சிப் படிக்கட்டு.
கிழக்கே ஓடை.
"ஓடையில தண்ணி வருதா இப்ப?"
மழைக்கு வரும்.
"பத்திரத்துல வருஷம் பூரா ஓடட்டும்."
மேற்கே, ஐந்தே முக்கால் சென்ட் முடிகிற இடத்தில்
செத்துப் பதினோரு வருடமான ஒருவர்.
மூலப்பத்திரத்தில் இருக்கிறார் என்பதால்
இன்னமும் இருக்கிறார்.

"யார் பேருக்கு?"
ரூபாவதி.
"உறவுமுறை?"

அண்ணன் மனைவியாக இருந்தவர்.
எட்வின் திருப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறான்.
ஊட்டிக் கோர்ட்டில் ஒரு மத்தியானத்தில்
எல்லாம் தீர்ந்துவிட்டது.
தீர்ந்த பிறகும்
அப்பாவின் மூத்திரப் பையை மாற்றியவர் அவர்.
கூரைத் தகரம் பறந்த ராத்திரி
எனக்கு டியூட்டி என்று தெரிந்து
விடிந்த பிறகு போன் செய்தவர்.

"முன்னாள் மதினின்னு எழுத முடியாதும்மா.
அப்படி ஒரு உறவே இல்ல.
சிநேகிதின்னு போட்டுக்கலாமா?"

மதினி என்றே போடுங்கள்.
விவாகரத்து அவனோடு.
என்னோடு இல்லை.

போஜன் சற்று நேரம் திரையையே பார்த்தார்.
பிறகு அடித்தார்,
முன்னால் எதுவும் சேர்க்காமல்.

சாட்சிக்கு ஆட்டோ ஓட்டுகிற ஹாலன்,
ஜெராக்ஸ் எடுக்கிற நஸீமா.
என்னை இருபது நிமிடமாகத் தெரிந்தவர்கள்.
ஒருநாள் இவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும்,
ஆமாம், கண்ணெதிரே போட்ட கையெழுத்து என்று.
ஹாலனுக்கு அறுபத்தெட்டு. இருமுகிறார்.
நான்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே, ரேகை விழவில்லை.
கையுறையும் ஸ்பிரிட்டும் தின்ற பெருவிரல்.
ஈரத்துணி கொடுத்தார்கள்; தலைமுடியில் தேய்க்கச் சொன்னார்கள்.
நாலாவது தடவை ஏதோ விழுந்தது.
"கேமராவைப் பாருங்க. சிரிக்காதீங்க."
சிரித்தேனா?
"சுயமாத்தானே எழுதறீங்க?
எப்ப வேணாலும் ரத்து பண்ணிக்கலாம், தெரியுமில்ல?"

எதிர் பேக்கரியின் சாரலடிக்கிற ஓரத்தில்
வறுக்கிப் பொட்டலத்தோடு மதினி.
வாரிசு சாட்சியாகக் கூடாது என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.
வாரிசு என்றும் சொல்லவில்லை.

"வீட்டு வரி கட்ட இவ்ளோ நேரமா?"
கூட்டம், என்றேன்.

குடைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தார்.
"நல்லவேளை வந்தே.
பிளம்ஸ் மரக் கிளை லாரன்ஸ் சுவரைத் தாண்டிடுச்சு.
தினம் சத்தம் போடறார். வெட்டிரவா?"

வெட்டுங்க மதினி.
என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?

"உன் மரம்ல.
உன்னைக் கேக்காம எப்படி?"

கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குள் மடித்த ரசீது.
பஸ் ஸ்டாண்ட் வரை பேசாமல் வந்தேன்.

காய்ப்பு முடியட்டும், என்றேன்.
அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம்.