குடும்பஸ்தர் ஒருவர்

ஆறரைக்கு முன்பே ஏழு சைக்கிள்கள்
பால் சேகரிப்பு நிலையத்துத் தகரத்தில் சாய்ந்துவிட்டன.
ஒன்று குறைவு.
அதை யாரும் சொல்லவில்லை.

மரியநாயகம் றேடியோவைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து
ஏரியலில் செம்புக் கம்பி சுற்றினார்.
அம்பகாமத்துக்கு அலை சரியாக எட்டாது.
கம்பியை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்
கொழும்பு கொஞ்சம் கிட்ட வரும்.
இன்று பிடித்தவன் கறுப்பையாவின் மகன்,
பள்ளிச் சீருடையோடு.

பால்மானியை இறக்கினேன். இருபத்தெட்டு. எழுதினேன்.
அடுத்த வாளி இருபத்தாறு.
"தண்ணி விட்டனியோ?" என்று கேட்கவேண்டிய இடம்.
கேட்கவில்லை.

நேரம் ஆறு மணி நாற்பத்தைந்து நிமிடம்.
கடனின் அடுத்த தவணை பற்றிய பேச்சில் முன்னேற்றமாம்.
முட்டை இறக்குமதியை ஆராய ஒரு குழு.
அந்தக் குழு பற்றிய முறைப்பாட்டை ஆராய இன்னொன்று.
நெல்லுக்கு உத்தரவாத விலை விரைவில்.
'விரைவில்' வந்ததும் சிவபாதம் வழக்கமாகச் சிரிப்பார்.
இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

இரவு இரண்டு மணிக்கே எங்களுக்குத் தெரியும்.
யானை வெடி ஒன்று கேட்டது.
இரண்டாவது கேட்கவில்லை.
உழவு இயந்திரப் பெட்டியில் மாங்குளம் ஆஸ்பத்திரிக்கு
ஏற்றிப்போன இரண்டு பேர்
இதே வரிசையில்தான் நிற்கிறார்கள், சேட்டு மாற்றாமல்.
தெரிந்ததை மறுபடி கேட்க
ஏன் இப்படி மூச்சடக்கி நிற்கிறோம்?

வெளிநாட்டுச் செய்தியும் முடிந்த பிறகு
வாசிப்பவர் தாளைப் புரட்டினார்.
"முல்லைத்தீவு மாவட்டம் அம்பாகமம் பகுதியில்…"
"அம்பகாமம்" என்றான் பெடியன், கம்பியை விடாமல்.
"…காட்டு யானையின் தாக்குதலுக்கு இலக்காகி
ஐம்பத்தெட்டு வயதுடைய குடும்பஸ்தர் ஒருவர்
உயிரிழந்துள்ளார்."

குடும்பஸ்தர்.

சபாரத்தினம் அண்ணை, கேட்டீங்களே?
பதினைந்து வருசமாய் ஒரு கோப்பை, ஒரு பாய்,
தனி ஆளுக்கு உலை.
உங்கட குடும்ப அட்டையில் மட்டும் நாலு பெயர்.
மூன்றை வெட்டச் சொல்லிக் கிராம அலுவலர்
மூன்று தரம் கூப்பிட்டவர்.
"பேனை எழுதுதில்லை" எண்டு
ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தனீங்கள்.
அந்த மூன்று பேருக்கும்
எந்த வானொலியும் செய்தி வாசிக்கவில்லை.
இண்டைக்கு, ஒரே மூச்சில்,
படிவம் இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை,
மனுசியையும் இரண்டு பிள்ளைகளையும்
உங்களிட்டத் திருப்பித் தந்துவிட்டது.
வழக்கமான சொல்தான்.
எழுதின கைக்கு ஒண்டும் தெரியாது.

பிறகு டொலரின் விற்பனை விலை.
பிறகு கிரிக்கெட், ஒன்பது விக்கெட்.
வடக்கில் சீரான வானிலை.
அதன் பின் நாட்டு நடப்பு நிகழ்ச்சியில்
ஒரு பேராசிரியர், நல்ல குரல்,
மனித யானை முரண்பாடு என்கிறார்,
மின்வேலிக் கணக்கைக் கிலோமீற்றரில் சொல்கிறார்.
"அதுகளும் எங்கதான் போறது" என்றார் கறுப்பையா.
இந்த வருசம் இரண்டு தரம் சோளம் போனது அவருக்கு.
யாரும் மறுமொழி சொல்லவில்லை.
மரியநாயகம் றேடியோவை நிப்பாட்டவில்லை,
சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

பதிவேட்டில் எட்டாம் இலக்கம்: க. சபாரத்தினம்.
அளவு, கொழுப்பு, காசு.
கோடு இழுப்பதா, பூச்சியம் போடுவதா?
பூச்சியம் என்றால் ஆள் நாளைக்கு வரலாம்.
பூச்சியம் போட்டேன்.

பால் வண்டி வந்தது. பெடியன் கம்பியை விட்டான்.
பேராசிரியர் இரைச்சலுக்குள் போய்விட்டார்.

காட்டுக்கரையில், கறக்க ஆளில்லாமல்,
அந்தச் சிவலைப் பசு கத்திக்கொண்டு நிற்கும் என்றிருந்தேன்.
போய்ப் பார்த்த பரணிதரன் சொன்னான்:
இரவுக் குழப்பத்தில் கன்றின் கயிறு அறுந்து,
பிறந்த நாளிலிருந்து முதல்தரம்
நாலு முலையும் குடித்துவிட்டு
வாயில் நுரையோடு அது படுத்திருக்குதாம்.