டச்சுக்காரன் தராத கால்கள்

அவன் பாய்மரப் படகில் இந்தத் தீவுக்கு வந்தவன்.
ஆறடி மூன்றங்குலம்.
ஹோர்த்தா துறைமுகத்தில் படகை விற்றான், பைக்கை விற்றான்,
விமானம் ஏறிப் போய்விட்டான்.
பைக் என்னிடம் வந்தது.
அவன் கால்களை மட்டும் தரவில்லை.

எனக்கு நாலடி பதினொன்று.
சீட்டில் ஏறி உட்கார்ந்தால்
தரை பக்கத்து ஊர்.
இடுப்பை ஒருக்களித்து இறக்கினால்
இடது பெருவிரல் தாரைத் தொடும்.
தொட்டது என்று சத்தியம் செய்யலாம், அவ்வளவுதான்.

ஓடும்போது ஒரு குறையுமில்லை.
நிறுத்தும்போதுதான் நான் குள்ளம்.

பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் மாதிரி எடுப்பது என் வேலை.
செத்ரூஷ் மேட்டு வளைவில் திரும்புகிறேன்,
சாலைக்குக் குறுக்கே நாற்பது மாடுகள்.
பிரேக் பிடித்தேன். காலை நீட்டினேன்.
கால் போய்க்கொண்டே இருந்தது,
சாலை வரவில்லை.

அவ்வளவு மெதுவாக ஒன்று விழுந்து
நான் பார்த்ததில்லை.
ஹைட்ரேஞ்சா வேலி எங்கள் இருவரையும் வாங்கிக்கொண்டது.
பதினாறு குப்பியில் பதினொன்று காலி.
மாடுகள் நின்று பார்த்தன.
ஜெர்வாசியோ ஓடிவந்து தூக்கிவிட்டான்,
சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு
எனக்குப் பட்ட அடியைவிடப் பெரிது.

சுல்மிரா படகு இன்ஜின் பார்க்கிறவள்.
ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல்
கவட்டையிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்து
தன் மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள்: அறுபத்தெட்டு.
பின்பக்க லிங்க்கை நீளமாகப் போட்டால் வண்டி குட்டையாகும் என்றாள்.
நீளத்துக்குக் குட்டை எப்படிப் பிறக்கும்?
சிகரெட் அட்டையில் வரைந்தும் காட்டினாள்.
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.
முன் ஃபோர்க்கைக் கிளாம்புக்குள் ஒரு விரற்கடை ஏற்றினாள்.
சீட்டின் தோலை உரித்து
ரொட்டிக் கத்தியால் ஃபோமைச் சீவினாள்.
மஞ்சள் மஞ்சளாய் விழுந்த துண்டுகளில் ஒன்றை
பாலாடைக்கட்டி என்று நம்பி
நாய் கவ்விக்கொண்டு போனது.

உட்கார்ந்தேன்.
இரண்டு பாதத்திலும் முன்பாதி தரையில்.
குதிகால் இன்னும் காற்றில்.
“அதையும் இறக்கலாம். அப்புறம் இந்த ஊர்க் கல்லெல்லாம்
வண்டியின் வயிற்றைத் தடவும்.”
குதிகால் காற்றிலேயே இருக்கட்டும் என்றேன்.

அன்றிரவு மேற்குக் காற்று.
ஸ்டாண்டை நாங்கள் மறந்திருந்தோம்.
வண்டி குள்ளமான சேதி அதற்கு எட்டவில்லை.
பழைய உயரத்துக்கே முட்டுக்கொடுத்து,
வண்டியைச் சாயவிடாமல்,
இராணுவ வீரன்போல் விறைப்பாக நிறுத்தியிருந்தது.
காலையில் பார்த்தால்
தியொலிந்தாவின் முட்டைக்கோஸ் பாத்தியில் வலப்பக்கமாகப் படுக்கை.
ஏழு கோஸ். ஒரு கண்ணாடி.
கோஸுக்கு அவள் பணம் வாங்கவில்லை,
ஒரு வாரம் பேசவும் இல்லை.

“கொஞ்சமாவது சாயாவிட்டால் எது நிற்கும்?”
சுல்மிரா ஸ்டாண்டை அறுத்தாள்,
மூன்று சென்டிமீட்டர் எடுத்துவிட்டு
மறுபடி பற்றவைத்தாள்.
அறுத்த துண்டு என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது,
கதவுக்கு ஆப்பாகக்கூட உதவாது.

விளக்கு மட்டும் சரியாகவில்லை.
பின்பக்கம் கூடுதலாகத் தாழ்ந்ததில்
அது அண்ணாந்து பார்க்கிறது.
இரவில் வரும்போது சாலை கொஞ்சம்,
மீதி எல்லாம் தொலைபேசிக் கம்பி,
கடலிலிருந்து பொந்துக்குத் திரும்பும் பறவைகளின்
வெள்ளை அடிவயிறு.
ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் போதும்.
திருகவேண்டும்.

ஜூலையில் டச்சுக்காரன் வந்தான்,
வேறொருவன் படகில், கூலிக்குப் பாய் இழுப்பவனாக.
ஒரேயொரு சுற்று என்று விரலைக் காட்டினான்.
சாவியைக் கொடுத்தேன்.
முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரில் இடிக்க,
குழந்தைகள் சைக்கிளில் ஏறிய மாமாபோல
துறைமுகச் சுவர்வரை போய்த் திரும்பினான்.
இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து,
என்ன செய்தாய் இதை என்று கேட்டிருக்க வேண்டும்.
அவன் மொழி எனக்குத் தெரியாது.
ஏறி உட்கார்ந்து
இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினேன்.

வெகுநேரம் என் பூட்ஸையே பார்த்தான்.
பிறகு கால்சட்டைப் பையைத் துழாவி
என்னிடம் இல்லவே இல்லை என்று
போன வருடம் சாதித்த
இரண்டாவது சாவியை
எடுத்து நீட்டினான்.