நூற்று நாற்பத்தாறு

மழைமானியை என் வாசலில் நட்டுவிட்டுப் போனார்கள்
ஹப்புத்தளையிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள்.
எட்டாம் லயத்தில் வாசிக்கத் தெரிந்தவள் நான் என்று
யாரோ சொல்லிவிட்டார்களாம்.
எழுபத்தைந்தில் மஞ்சள். நூறில் செம்மஞ்சள்.
நூற்றைம்பதில் சிவப்பு.
சிவப்பென்றால் கேள்வியில்லை,
பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒரு விசிலும் தந்தார்கள்.

போன வருசம் ஐப்பசியில் ஊதினேன்.
இரண்டு இரவு சிமெந்துத் தரை,
ஒரு கக்கூசுக்கு நாற்பது குடும்பம்.
மலை அசையவில்லை.
திரும்பி வந்தால் திலகேஸ்வரனின் ஆறு கோழியைக் காணோம்,
எல்லாருக்கும் இரண்டு நாள் பேர் இல்லை.
கார்த்திகையில் ஊதினேன், பாதி லயம் வந்தது.
மார்கழியில்
சிலம்பாயியும் அவள் கைக்குழந்தையும்.
அதன்பிறகு பீலிக்கரையில் எனக்கொரு பட்டம்:
விசில்காரி.

நேற்று பொழுது சாய
போனுக்கு ஒரு செய்தி, சிங்களத்தில்.
பாண் ஓட்டோ சுனிமல் வாசித்துவிட்டுத்
தெரிந்த தமிழில் சொன்னான்:
'மலை வரும். கவனம்.'
மழையா, மலையா?
அவன் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல்.
மேலே கையைக் காட்டினான்.
மேலே இரண்டுமே இருந்தன.

'நாளைக்குப் பணிய மலையில் கொழுந்து நிக்குது,
ஒருத்தரும் நிக்கக்கூடாது' என்று
கணக்கப்பிள்ளை குடைக்குள்ளிருந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இரவு பதினொன்றரை. டோர்ச் வெளிச்சத்தில்
நூற்று நாற்பத்தாறு.
நான்கு கோடு குறைவு.
தகரத்தில் சத்தம் மெலிந்துகொண்டு வந்தது.
இந்த நான்கு கோட்டையும்
நானே பார்த்துக்கொள்கிறேன் என்று
கூரை விளிம்பில் சொட்டியதை உள்ளங்கையில் ஏந்திக்
குழாய்க்குள் விட்டேன்.
பிறகுதான் ஊதினேன்.

ஜெசிந்தா வந்தாள்.
டோர்ச்சைப் பிடுங்கித் தானே குனிந்து பார்த்தாள்.
என்னை நம்பாதவள்
தண்ணீரை நம்பினாள்.
ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டினாள்.
அவள் தட்டினால் திறப்பார்கள்.

காலையில் வெயில்.
எட்டாம் லயம் நின்ற இடத்தில் நிற்கிறது,
புகைக்கூண்டில் ஒரு காகம் வேறு.
திலகேஸ்வரன் இந்த முறை கோழிகளைச் சாக்கில் கட்டி
தோளில் போட்டுக்கொண்டே வந்திருந்தான்.
அவிழ்த்துவிட்டுக் காறித் துப்பினான்.
'இன்னைக்குப் பேரை யாரு தருவா, நீயா?' என்றாள் ஒருத்தி.
நான் வாய் திறக்கவில்லை.
மானியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு
அடுப்படிக்குள் போனேன்.

சுவர் விரிசலில் ஆடி மாதம்
இறுக்கிச் செருகிய தீக்குச்சி
தரையில் கிடந்தது.
மறுபடி செருக
இரண்டு குச்சி வேண்டியிருந்தது.